லண்டனிலிருந்து வரும் டிஜிட்டல் ரேடியோ முசிறியில் பாடுமா?

முசிறியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 70 வயது. காலையில் திருச்சி வானொலியைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். இப்போது ஒரே இரைச்சல். லண்டனில் இருக்கும் தம்பி அடுத்த மாதம் வரும்போது டிஜிட்டல் ரேடியோ வாங்கி வருகிறேன் என்கிறான். சரிப்படுமா?"

சரிப்படாது, தம்பியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அங்கே கடையில் விற்பது டிஏபி என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு முறைக்கான ரேடியோ. பிபிசி 1995இல் தொடங்கிய முறை அது. அந்த ஒலிபரப்பு நம் ஊரில் இல்லை. இங்கே கொண்டுவந்தால் எஃப்எம் மட்டும் கேட்கும். அம்மாவின் திருச்சி நிலையமோ மீடியம் வேவில், 936 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. டிஏபி பெட்டிகள் பெரும்பாலானவற்றில் மீடியம் வேவே கிடையாது.

தம்பிக்கு அந்தப் பெட்டி பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. முள்ளைத் திருகித் தேட வேண்டாம், நிலையத்தின் பெயரே திரையில் வரும், இரைச்சல் துளியும் இருக்காது. நார்வே 2017இல் தேசிய நிலையங்களை எஃப்எம்மிலிருந்தே எடுத்துவிட்டது.

நம் நாட்டில் அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டது டிஆர்எம் என்ற வேறொரு டிஜிட்டல் முறை. சென்னை உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட மீடியம் வேவ் ஒலிபரப்பிகளில் அதற்கான வசதி செய்தார்கள். சில புதிய கார்களில் அதைக் கேட்கும் ரேடியோ பொருத்தியே வருகிறது, திறந்த சாலையில் அருமையாக எடுக்கும். சமையலறைக் கதை வேறு. டிஆர்எம் பெட்டியின் விலை சாதாரண ரேடியோவைப்போல் பல மடங்கு, பேட்டரியையும் வேகமாகக் குடிக்கும். அதைவிட முக்கியமாக, பல்பு, சார்ஜர் போன்றவை கிளப்பி இன்று அம்மாவுக்கு இரைச்சலைத் தருகிற அதே மின் தொல்லை டிஜிட்டலையும் கெடுக்கும். சாதாரண ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவிலும் பேச்சு புரியும், டிஜிட்டலில் சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனால் சத்தமே நின்றுவிடும்.

ஆகவே முதலில் அந்தத் தொல்லை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். போன வாரம் எங்கள் அத்தை வீட்டிலும் இதே புகார்தான், ஃபிரிட்ஜ் மேல் ரேடியோ, பக்கத்திலேயே போன் சார்ஜர், தலைக்கு மேல் மலிவான எல்இடி பல்பு. சார்ஜரைப் பிடுங்கியதும் பாதி இரைச்சல் போனது, பல்பை அணைத்ததும் செய்தி வாசிப்பவரின் குரல் பளிச்சென்று வந்தது. அத்தை கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்று கேட்டார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ரேடியோவில் பேட்டரியைப் போட்டுக்கொண்டு வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணையுங்கள். இரைச்சல் நின்றால் காரணம் வீட்டுக்குள்தான். பிறகு பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், ஆள் அகப்பட்டுவிடும். இரைச்சல் நிற்கவில்லையென்றால் அக்கம்பக்கத்து வீட்டிலிருந்தோ தெருக் கம்பியிலிருந்தோ வருகிறது. அப்போது பெட்டியை ஜன்னலோரம் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். மீடியம் வேவுக்கு வெளியே இழுக்கும் ஏரியல் உதவாது, பெட்டிக்குள்ளே படுத்திருக்கும், கம்பி சுற்றிய ஃபெரைட் குச்சிதான் ஏரியலாக வேலை செய்கிறது, அதன் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கும் மசியவில்லையென்றால் வானொலி நிலையங்களை இணையத்தில் கேட்க அகில இந்திய வானொலி தரும் நியூஸ்ஆன்ஏர் செயலியை ஒரு பழைய போனில் போட்டு புளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்துக் கொடுங்கள். ஆனால் மாவுக்கையோடு போன் திரையைத் தடவ அம்மாவால் முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். குமிழைத் திருகினால் பாடுகிற பெட்டி அவருக்குக் கைப்பழக்கம். தம்பி காசு செலவழித்தே தீருவேன் என்றால், மீடியம் வேவ் நன்றாக எடுக்கும், பெரிய ஸ்பீக்கர் வைத்த சாதாரண ரேடியோ ஒன்றைத் திருச்சியிலேயே வாங்கித் தரட்டும், கடையில் 936ஐப் பிடித்துக் காட்டச் சொல்லிவிட்டு.