கடன்பட்டவருக்கு ஓட்டுப் போடலாமா?

அக்காவிடம் கேளுங்கள்

கேள்வி: எங்கள் வார்டில் கவுன்சிலர் பதவிக்கு நிற்கும் ஒருவர் மூன்று ஆண்டுகள் கடன் சீராய்வில் (தவணையைக் குறைத்துக்கொண்டு கடனை அடைக்கும் ஏற்பாட்டில்) இருந்தவர். சொந்த வீட்டுக் கணக்கே பார்க்கத் தெரியாதவரா மாநகராட்சிப் பணத்தைப் பார்ப்பார் என்று கோயில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். அக்கா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தம்பி, நான் டர்பனில் ஒரு ஃபர்னிச்சர் கடையின் தவணை கவுன்டரில் 26 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள். ஆளுக்கொரு மஞ்சள் அட்டை. தவணை தவறினால் சிவப்பு மையில் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் அட்டை கீழ் டிராயருக்குப் போய்விடும். அந்த டிராயரை வைத்து மனிதர்களை எடைபோட்டிருந்தால் பாதி ஊரை அயோக்கியர்கள் என்று சொல்லியிருப்பேன்.

1990களின் பிற்பகுதியில் மலிவான இறக்குமதித் துணி வந்து குவிந்தது; இங்கிருந்த ஆடைத் தொழிற்சாலைகள் வரிசையாக மூடின. நம் பெண்கள் எத்தனை பேர் அங்கே தையல் மிஷினில் இருந்தார்கள் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். அட்டைகள் சிவந்தன. அடுப்பு வாங்கிய ஒருத்தி மாதம் 85 ராண்ட் கட்ட வேண்டும். வேலை போன பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் வருவாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துப் பத்து ராண்டை எடுத்து வைப்பாள். பத்துப் பத்தாகக் கட்டினால் தவணை நிறையாது, ஆகவே மாதாமாதம் கோடு. போட்டவள் நான்தான். கடைசி ராண்ட் வரை அடைத்தாள். அட்டையில் தெரிந்ததெல்லாம் கோடுகள்.

இன்னொருவர் இருந்தார். திருவிழாவில் முன்வரிசைக்காரர். அவர் பெயரில் ஒரு கோடு கிடையாது. எப்படி இருக்கும்? வீட்டு சோபா, ஃபிரிட்ஜ், டிவி மூன்றும் மச்சினி பெயரில். கடைசியில் நீதிமன்ற உத்தரவின்படி பிடித்ததும் மச்சினியின் சம்பளத்தில்தான்.

உங்கள் வேட்பாளருக்கு வருகிறேன். கடன் சீராய்வு வேறு, திவால் வேறு. கட்ட முடியவில்லை என்று தானே ஆலோசகரிடம் போய்ச் சொல்லி, தவணையைக் குறைத்துக்கொண்டு, புதுக்கடன் வாங்காமல் அடைக்க 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் திறந்த வழி அது. ஓடி ஒளிகிறவன் அந்தப் பக்கம் போகமாட்டான். திவாலாகி அதிலிருந்து விடுவிக்கப்படாதவர்தான் நாடாளுமன்றத்திலோ மாநகராட்சி மன்றத்திலோ உட்கார முடியாது என்கிறது 1996 அரசியல் சட்டம். அரசியல்வாதி ஜூலியஸ் மலேமாவுக்கு எதிராக 2014இல் வரித்துறை வாங்கிய தற்காலிக திவால் உத்தரவு உறுதியாகியிருந்தால் அவருடைய எம்.பி. பதவி போயிருக்கும், 2015 ஜூனில் நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது.

வீட்டுக் கணக்கு, நாட்டுக் கணக்கு என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். பிரிட்டனில் வருமான வரியைக் கொண்டுவந்த பிரதமர் இளைய வில்லியம் பிட், 1806இல் இறந்தபோது 40,000 பவுண்ட் கடன் வைத்துவிட்டுப் போனார். அடைத்தது நாடாளுமன்றம். நம் நாட்டில் வி.பி.எஸ். வங்கியில் சுமார் 190 கோடி ராண்ட் சூறைபோன கதை 2018இல் வெளிவந்தது. அங்கே நகராட்சிப் பணத்தைப் போடக்கூடாது என்று விதி இருந்தும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொட்டியவர்களின் வீட்டுக்கடன் தவணை ஒழுங்காக இருந்ததா என்று எந்தக் கோயில் வாசலில் பேசினார்கள்?

கடன் எப்படி வந்தது என்று அவரிடமே கேளுங்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் கடை சூறையாடப்பட்டு வந்த கடனும் கேசினோவில் வந்த கடனும், ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் அறிக்கையில் ஒரே மாதிரிதான் தெரியும். இன்னொன்றையும் விடாதீர்கள்: மாநகராட்சிக்குத் தண்ணீர், மின்சாரம், வீட்டுவரி பாக்கி உண்டா? கவுன்சிலர் அதை மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைக்கக்கூடாது என்று நடத்தை விதியே இருக்கிறது. தனக்கு வரும் பில்லைத் தானே அமுக்கிவைக்கத் தோதான நாற்காலி அது. அந்த ஒரு பாக்கிக்கு என்னிடம் இரக்கம் கிடையாது.

கேள்வி: என் அண்ணன் மகள் நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அந்த வேட்பாளரின் கிரெடிட் அறிக்கையைச் சத்தமில்லாமல் எடுத்துத் தரச் சொல்லலாமா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: அவளுக்கு வேலை போகும், பிறகு அவள் அறிக்கை கெடும். பணம் கையாளும் வேலைக்கு ஆள் எடுக்கும்போதுகூட அந்த ஆளின் சம்மதம் வாங்கித்தான் பார்க்கவேண்டும். உங்கள் சொந்த அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். ஆசை தீரப் படியுங்கள்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே அக்கா, உங்கள் கிரெடிட் ஸ்கோர் எவ்வளவு?
– வாசகர், டொங்காட்

பதில்: நான் கடனே வாங்கியதில்லை. போன வருடம் மாதத் தவணையில் ஒரு செல்போன் கேட்கப் போனேன். கவுன்டரில் இருந்த பையன் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களைப் பற்றி ஒன்றுமே இல்லையே, ஆன்ட்டி" என்று அனுப்பிவிட்டான். அவன் தாத்தாவின் மஞ்சள் அட்டை எந்த டிராயரில் இருந்தது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.