வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தால் உள்ளூரில் விலை குறையும் என்றால், விவசாயிகள் அதை ஏன் எதிர்க்கிறார்கள்?

உங்கள் கேள்விக்குள் இருக்கும் கணக்கு எனக்குப் புரிகிறது. வெங்காயம் வெளிநாட்டுக்குப் போகாவிட்டால் உள்ளூரில் மிஞ்சும், மிஞ்சினால் விலை இறங்கும், இறங்கினால் வாங்கிச் சாப்பிடுகிற அனைவருக்கும் நல்லது. மாதச் சம்பளத்துக்குள் வீட்டுச் செலவை அடக்கப் பாடுபடுகிற ஒருவராக நீங்கள் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சிரமத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால், பெரம்பலூர் மாவட்டத்தில் தலைமுறையாகச் சின்ன வெங்காயம் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் விடுபட்டுப்போன பகுதியைச் சொல்லாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

முதலில் பயிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்ன வெங்காயத்தை எங்கள் பகுதியில் பெரும்பாலும் விதை வெங்காயத்தையே ஊன்றிப் பயிர் செய்கிறோம். ஏக்கருக்கு 600 கிலோவுக்குக் குறையாமல் விதைக் காய் வேண்டும். முந்தைய அறுவடையில் தேர்ந்தெடுத்த காயைப் பட்டறை (காற்றோட்டமான சேமிப்பு அடுக்கு) போட்டுக் காற்றாடக் காத்து வைத்தவர்களுக்கு அது கையிருப்பு. மற்றவர்களுக்கு அதுவே முதல் பெரிய கடன். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி ஊன்றினால் சுமார் 70 நாளில் காய் பிடுங்கலாம். இடையில் கோழிக்கால் நோய் வராமல் இருக்க வேண்டும், அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். பிடுங்கியதைத் தாள் அரிந்து, உலர்த்தி, மூட்டை பிடிக்கும் வரை ஆகும் கூலிச் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே, மார்கழியில் என்ன விலை கிடைக்கும் என்பதை ஐப்பசியிலேயே நம்பித்தான் ஒரு விவசாயி நகையை அடகு வைக்கிறார்.

2023ஆம் ஆண்டு நாங்கள் அப்படி நம்பித்தான் ஊன்றினோம். அதற்கு முன்பே, ஆகஸ்ட் 19 அன்று மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி விதித்திருந்தது. அக்டோபர் இறுதியில் டன்னுக்கு 800 டாலருக்குக் கீழே விற்று அனுப்பக் கூடாது என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலையும் வந்தது. இவற்றைத் தாண்டியும் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாடிக்கையாளர்களை விட மனமில்லாத வியாபாரிகள் எங்கள் காட்டுக்கு வந்து, காய் மண்ணில் இருக்கும்போதே விலை பேசிப் போனார்கள். டிசம்பர் 8 முதல் ஏற்றுமதியே கூடாது என்று அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே ஏற்றத் தொடங்கிய சரக்குக்கு அதில் விலக்கு இருந்தது. மண்ணில் விளைந்துகொண்டிருந்த சரக்குக்கு எந்த விலக்கும் இல்லை. விலை பேசிப் போன வியாபாரி தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தார். அவர் மீது நான் குறை சொல்ல மாட்டேன், அவரிடமும் வாங்க ஆளில்லை. பேசிய விலையில் பாதிக்கும் கீழே, ஏற்றுமதி வாய்ப்பை இழந்த எல்லாச் சரக்கும் ஒரே நேரத்தில் வந்து குவிந்த மண்டியில், அந்தக் காயைக் கொடுத்தோம். அடகு வைத்த அம்மாவின் சங்கிலியை மீட்க அடுத்த வெள்ளாமை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

"அரசு கொள்முதல் செய்து காப்பாற்றியதே" என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதக்கூடும். அந்த ஆண்டு அரசு இருப்புக்காக வெங்காயம் வாங்கியது உண்மை. ஆகஸ்டில் குவிண்டாலுக்கு 2,410 ரூபாய் விலையும் அறிவித்தது. ஆனால் வாங்கப்பட்டது பெரிய வெங்காயம், அதிலும் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தில். எங்கள் மண்டிக்கு அந்தக் கொள்முதல் வரவில்லை. கட்டுப்பாடு மட்டும் வந்தது.

எனக்கு ஆறாத மனக்குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது. டெல்லியிலும் லக்னோவிலும் அரசைக் கவலைப்பட வைக்கும் விலை பெரிய வெங்காயத்தின் விலை. அந்த விலை நாசிக் பக்கத்து வரத்தைப் பொறுத்தது. பெரம்பலூர், திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்களில் விளையும் சின்ன வெங்காயத்தைத் துறைமுகத்தில் நிறுத்தி வைப்பதால் வடஇந்தியச் சமையலறையில் ஒரு ரூபாயும் குறையப் போவதில்லை. பன்னாட்டுச் சுங்க அட்டவணையில் 070310 என்ற ஒரே எண்ணின் கீழ் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படும். ஆனால் மனம் இருந்தால் பிரிக்க முடியும் என்பதற்கு அரசின் ஆணைகளே சான்று. 2020 செப்டம்பரில் எல்லா வகை வெங்காயத்துக்கும் தடை வந்தபோது, அடுத்த மாதமே பெங்களூரு ரோஸ், கிருஷ்ணாபுரம் வெங்காயங்களுக்கு மட்டும் தலா 10,000 டன் ஏற்றுமதி அனுமதி கிடைத்தது. 2023இல் 40 விழுக்காடு வரியிலிருந்தும் பெங்களூரு ரோஸ் வெங்காயத்துக்கு, கர்நாடகத் தோட்டக்கலை ஆணையரின் சான்றிதழோடு அனுப்பலாம் என்று செப்டம்பர் இறுதியில் விலக்கு தரப்பட்டது. கோலார், சிக்கபல்லாப்பூர் விவசாயிகளுக்கு அது கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அதே நியாயம் எங்களுக்கு ஏன் எட்டவில்லை என்பதுதான் கேள்வி. சின்ன வெங்காயம் தமிழ்நாட்டில் அன்றாடம் சாம்பாருக்குப் போவது, ரோஸ் வெங்காயத்தைப் போல ஏற்றுமதிக்கென்றே விளைவதன்று என்ற வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. அதனால்தான் கட்டுப்பாடே கூடாது என்று கேட்காமல், தனியாகப் பிரித்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

அடுத்து, தடையால் விலை குறையுமா என்ற உங்கள் அடிப்படைக்கு வருகிறேன். 2019 செப்டம்பர் 29 அன்று தடை வந்தது. அதன் பிறகும் விலை ஏறிக்கொண்டே போய், டிசம்பரில் பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் இறக்குமதி செய்யும் நிலை வந்தது. மழையில் பயிரே அழிந்துவிட்ட பின் தடையால் புதிதாகக் காய் விளைந்துவிடாது. 2023 டிசம்பரில் நடந்தது வேறு. புது வரத்து சந்தைக்கு வரும் நேரத்தில் தடை விழுந்ததால், நாசிக் பக்கத்துப் பெரிய வெங்காயச் சந்தையான லாசல்கான் உள்பட எல்லா இடத்திலும் விலை சரிந்தது. ஆகவே, விளைச்சல் இல்லாத காலத்தில் தடை நுகர்வோருக்கு அதிகம் உதவுவதில்லை. விளைச்சல் வரும் காலத்தில் அது விவசாயியின் கையிலிருந்து எடுத்துத்தான் உதவுகிறது. அப்படி இழந்தவர் அடுத்த பட்டத்தில் (பயிர்ப் பருவத்தில்) பரப்பைக் குறைக்கிறார். எங்கள் ஊரிலேயே வெங்காயக் காடுகள் பல மக்காச்சோளமாக மாறிவிட்டன. பிறகு நீங்கள் கடையில் பார்க்கும் விலையேற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இதை ஒரு கட்சிக்கு எதிரான பதிலாக வாசிக்க வேண்டாம். 2010 டிசம்பரில் வேறொரு கூட்டணி ஆட்சியிலும் இதே போல ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. 1998 டெல்லித் தேர்தலில் வெங்காய விலை ஆட்சியை மாற்றியதிலிருந்து எல்லாக் கட்சிகளும் இந்தப் பயிரைக் கண்டு அஞ்சுகின்றன. உலக வணிக விதிகளும் இதற்குப் பெரிய தடையாக இல்லை. உணவுத் தட்டுப்பாடு நேரும்போது தற்காலிகமாக ஏற்றுமதியை நிறுத்த அவை இடம் தருகின்றன. மற்ற நாடுகள் செய்வதில்லையா என்றால், செய்கின்றன. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது, அங்கே சிறு விவசாயிகளிடம் பழக்குலை வாங்க ஆளில்லாமல் அவர்கள் ஜகார்த்தாவில் திரண்டார்கள்; இங்கே நம் வீட்டு எண்ணெய்ச் செலவு கூடியது. அந்த முறை வாங்கும் பக்கத்தில் நின்றவர்கள் நாம் என்பதால் அதன் வலி நமக்கு எளிதில் தெரிந்தது. 2019இல் நம் தடையால் டாக்கா நகரில் வெங்காயம் கிலோ 200 டக்காவைத் (வங்கதேசப் பணம்) தாண்டியபோது அதே வலி வங்கதேச மக்களுக்கு இருந்தது. அப்போதைய பிரதமர் ஷேக் ஹசீனா, தம் சமையல்காரரிடம் வெங்காயம் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக டெல்லிக்கே வந்து பேசினார். அப்படிக் கைவிடப்பட்ட வாடிக்கையாளர் வேறு நாட்டுச் சரக்கைத் தேடிக்கொள்கிறார். மலேசியச் சந்தையில் தாய்லாந்துச் சின்ன வெங்காயம் எப்போதும் தயாராக இருக்கிறது.

உள்ளூர் மண்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கேட்டதற்கு நேரடித் தொடர்பு குறைவு என்றாலும். விலை சரிந்த அந்த நாட்களில்தான் கழிவு என்று மூட்டைக்கு எடுக்கப்படும் எடையும் கூடியது. விலை நன்றாக இருக்கும்போது கேள்வி இல்லாமல் போகும் அதே காய், விலை விழுந்ததும் ஈரம், தாள், பொடி என்று குறைக்கப்படுகிறது. கப்பலை நிறுத்தும் முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டாலும், அதன் கடைசிக் கிலோ வரை விவசாயியிடமிருந்தே கழிகிறது.

தடை 2024 மே 4 அன்று நீங்கியது. 20 விழுக்காடாகக் குறைந்திருந்த வரியும் 2025 ஏப்ரல் 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் எந்த ஆணையும் விதைப்புக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும், சின்ன வெங்காயத்துக்கு அதில் தனிப் பிரிவு இருக்க வேண்டும், வேறு வழியின்றி இடையில் நிறுத்தினால் அந்தப் பட்டத்தின் காயைப் பெரம்பலூரிலும் திண்டுக்கல்லிலும் அரசே விலை கொடுத்து வாங்க வேண்டும். விவசாயிகள் எதிர்ப்பது நீங்கள் மலிவாக வாங்குவதை அல்ல, இந்த மூன்றும் இல்லாமல் விடப்படும் ஆணையை.