மாலையில் எடுத்த ரத்தமும் மூட்டுவலி மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 44. கோத்தகிரி அருகே இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். பச்சைத் தேயிலை விலை சரிந்ததிலிருந்து கடன் கவலை. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமே வருவதில்லை, பகலெல்லாம் அசதி. கோவைக்குப் போனபோது ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுத்தேன். கோர்ட்டிசால் என்ற ஹார்மோன் 6 என்று வந்தது. மன அழுத்தத்தால் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது என்று சொல்லி, ஒரு சத்துப்பொடியை மாதாமாதம் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? வேறு நோய் எதுவும் இல்லை. மூட்டுவலிக்கு மட்டும் மருந்துக்கடையில் கொடுக்கும் மாத்திரையை ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். அது இருப்பதால்தான் கொழுந்து பறிக்கவே முடிகிறது.

பதில்: பொடி வேண்டாம். என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் கோர்ட்டிசால் அல்ல, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த மாத்திரைதான். அதற்கு வருகிறேன்.

முதலில் 6 என்ற எண். நீங்கள் அனுப்பிய அறிக்கையிலேயே ரத்தம் எடுத்த நேரம் மாலை 4 மணி என்று இருக்கிறது. மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி, மற்ற வேலைகளை முடித்துவிட்டுப் போனால் அந்த நேரம்தான் ஆகும். கோர்ட்டிசால் விடியும் நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, பகலில் மெல்ல இறங்கி, நள்ளிரவில் அடிமட்டத்தைத் தொடும் ஹார்மோன். காலை 8 மணி அளவோடு மாலை 4 மணி ரத்தத்தை ஒப்பிட்டால் பலருக்கும் 'குறைவு' என்றுதான் வரும். மாலையில் 6 என்பது சாதாரணம்.

அடுத்து, களைத்துப்போன சுரப்பி. அட்ரினல் சுரப்பிகள் சிறுநீரகங்களின் மேல் இருக்கின்றன. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி கட்டளை அனுப்பினால் கோர்ட்டிசாலைச் சுரக்கின்றன. மன அழுத்தம் இந்தக் கட்டளையைக் கூட்டும். சுரப்பியை வற்ற வைக்காது. மன அழுத்த ஆய்வின் முன்னோடி ஹான்ஸ் செல்யே 1936-இல் எலிகளைக் கடும் அழுத்தத்துக்கு உள்ளாக்கிப் பார்த்தபோது அட்ரினல் பெரிதாகத்தான் ஆனது. 'அட்ரினல் களைப்பு' பற்றிய 58 ஆய்வுகளை 2016-இல் அலசியவர்கள், அப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். பொடிகளின் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் அட்ரினலுக்குத் துணை என்று விற்ற 12 தயாரிப்புகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது; பாதிக்கு மேற்பட்டவற்றில் ஸ்டீராய்டும் இருந்தது.

அட்ரினல் உண்மையிலேயே செயலிழக்கும் நோய் ஒன்று உண்டு. 1855-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்தது. நம் நாட்டில் அதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். உடல் மெலியும், உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கறுக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும், உப்பின் மேல் ஆசை கூடும். இவை எதையும் நீங்கள் சொல்லவில்லை.

இப்போது மாத்திரை. மருந்துக்கடையில் அட்டையில்லாமல் காகித உறையில் போட்டுக் கொடுக்கும் மூட்டுவலி மாத்திரைகளில் பிரெட்னிசோலோன் அல்லது டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். இரண்டும் ஸ்டீராய்டுகள், உடலில் கோர்ட்டிசாலைப் போலவே வேலை செய்பவை. வலி ஒரே நாளில் பறந்துபோகும். அதனால்தான் கை தாராளமாக நீளுகிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருகிறது என்று தெரிந்ததும் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும். வேலையில்லாத சுரப்பி சுருங்கும். கடன் கவலையால் ஆகாதது மூன்று நான்கு வாரம் தொடர்ந்து சாப்பிடும் மாத்திரையால் ஆகிவிடும். தூக்கத்தைக் கெடுப்பதும் ஸ்டீராய்டின் குணம்தான். முகம் உருண்டிருக்கிறதா, லேசாக இடித்தாலே தோல் கன்றுகிறதா, படியேறும்போது தொடை தளர்கிறதா என்று கவனியுங்கள்.

இதைப் படித்துவிட்டு நாளையே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது ஸ்டீராய்டாக இருந்தால், திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கடையில் பெயரை எழுதி வாங்குங்கள், மிச்சமுள்ள மாத்திரைகளோடு மருத்துவரைப் பாருங்கள். தேவையென்றால் காலை 8 மணி ரத்தத்தில் கோர்ட்டிசால் பார்த்து, அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அசதிக்கு ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு மூன்றையும் அதே ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் அங்கே கிடைக்கலாம். இடையில் வாந்தி, கடும் சோர்வு, மயக்கம் வந்தால் உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய், ஒரு வருடமாக இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மன அழுத்தத்தை நான் தள்ளிவிடவில்லை. இலை விலைக்கு என்னிடம் மருந்தில்லை. ஆனால் பின்னிரவில் தூக்கம் இயல்பாகவே மெலிதாகும், கோர்ட்டிசாலும் ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் மனம் கணக்குப் போட ஆரம்பித்தால் விழிப்பு நிலைத்துவிடும். கடன் கணக்கை மாலையில் கணவரோடு உட்கார்ந்து தாளில் எழுதி முடித்துவிடுங்கள். தேயிலைக்காரர்களிடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சம்தான் என்றாலும், பிற்பகல் 2 மணிக்குப் பிறகு டீ வேண்டாம். இரண்டு மூன்று வாரங்களிலும் மனபாரம் குறையாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.