நாயைப் பார்த்தவளா, பாட்டியைப் பார்த்தவளா?

அன்புள்ள அம்மா,

வீட்டு நாய் இறந்தபின் பாட்டி பல நாள்கள் சரியாகச் சாப்பிடாததை நாள்வாரியாகக் குறிப்பேட்டில் எழுதிவைத்த தங்கள் மகள், "மனிதருக்கும் விலங்குக்கும் இடையே இருப்பது என்ன என்று படிக்கப்போகிறேன்" என்கிறாள். தாய்மாமனோ, நிலத்தை விற்றாவது நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்கிறார். தங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் நிலத்தை விற்காதீர்கள். நீட் மதிப்பெண்ணும் விருப்பமும் இல்லாத பெண்ணுக்காக ஏற்கும் கடனைத் தாய்மாமன் அடைக்கப்போவதில்லை. பிராணிப் பாசமென்றால் கால்நடை மருத்துவம் என்று மற்ற உறவினர் சொல்வதும் பொருந்தாது. அவள் குறித்துவைத்தது பாட்டியைப் பற்றி.

அவளுடைய கேள்வி பழையதுதான். நியூயார்க்கின் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தம்மிடம் ஒட்டாத சிறுவன் தம் நாய் ஜிங்கிள்ஸிடம் ஒட்டிக்கொண்டதைக் கவனித்து, 1962-இல் அதைப் பற்றி எழுதினார். 1980-இல் எரிகா பிரீட்மன் குழுவினர், இதயநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 92 பேரை ஓராண்டு தொடர்ந்தபோது, செல்லப்பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேரும், வளர்க்காத 39 பேரில் 11 பேரும் இறந்திருந்தனர். பிற்காலத்து ஆய்வுகளில் சில இதனோடு ஒத்துப்போகவில்லை. அந்த முரண்பாட்டை ஆராய, பாசம் மட்டும் போதாது, புள்ளியியலும் தெரிய வேண்டும். (கணக்கு அவளுக்குக் கசக்காது என்பது மதிப்பெண் பட்டியலில் தெரிகிறது.)

மனித-விலங்கு உறவை ஆராயும் இந்தத் துறை செல்லப்பிராணியோடு முடிவதில்லை. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களினூடே யானைகள் நடக்கின்றன; இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் வனத்துறையுடன் சேர்ந்து, யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியால் தெரிவிக்கவும், கைப்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகளால் எச்சரிக்கவும் ஏற்பாடு செய்தனர். இரவில் வீடு திரும்பும் தொழிலாளியின் அச்சம் எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது என்று அறிந்தவர் இல்லாமல் இத்தகைய பணி நிலைக்காது. தெருநாய்ச் சச்சரவிலும், பிராணியை இழந்து தவிப்பவருக்கான ஆலோசனையிலும் இதே அறிவுதான் வேண்டும்.

ஆகவே நேரடி வகுப்பில் மூன்றாண்டு இளநிலை உளவியல் சேருங்கள். செலவு குறையுமென்று அஞ்சல் வழியை நாடாதீர்கள். தொலைநிலை உளவியல் படிப்புகளை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் கூறிவிட்டது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் மனித-விலங்கு உறவுக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. ஆனாலும் இளநிலை முடியும்வரை கல்விக்கடன் பேச்சே வேண்டாம். தொடக்கச் சம்பளம் சிறியதாகவே இருக்கும். அதை அவளிடம் மறைக்காதீர்கள்.

அடுத்த வாரம் அவளை அந்தக் குறிப்பேட்டோடு அழைத்து வாருங்கள். தாய்மாமன் அன்று வர வேண்டியதில்லை.