மூடுவதற்கு முன் ஒரு தடவை: சென்னை உயிர் காலேஜ், 1984

நிரந்தரமாக மூடப்படவிருக்கும் பழைய மிருகக்காட்சிசாலை ஒன்றைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கப் போவது சரிதானா, அப்படிப் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போயிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. போனது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த இடத்தை மூடியதும் சரி என்றே நினைக்கிறேன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் அந்த நாளைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

நாங்கள் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். தோட்டத் தமிழர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கிட்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களைப் பிரித்ததுபோல எங்கள் குடும்பத்தையும் பிரித்தது. அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு (குடியுரிமைக்கு) எழுதினார். பெரியப்பா இந்தியாவுக்கு எழுதினார். 1970களின் கடைசியில், எங்கள் ஆட்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று சொல்லும் அந்த ரயிலில் தலைமன்னார் வரைக்கும் போய்ப் பெரியப்பா குடும்பம் கப்பலேறியது. திரும்பி வருபவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, கிடைத்த வியாபாரக் கடனைக் கொண்டு சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் ஓரமாக, வால்டாக்ஸ் சாலையில் ஒரு தேநீர்க்கடை போட்டார். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியே காலத்தைக் கழித்தவர், பட்டணத்தில் தேநீர் ஆற்றிப் பிழைத்தார். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு அப்பாவின் மனமும் கலங்கிப்போயிருந்தது. இருப்பதா போவதா என்று அண்ணனிடம் நேரில் பேசிவிட்டு வருவதற்காக, 1984 ஏப்ரல் விடுமுறையில், தம்முடைய கடவுச்சீட்டிலேயே என் பெயரையும் சேர்த்து, என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

எழும்பூரில் இறங்கியபோது நான் கம்பளிச் சட்டை போட்டிருந்தேன். அந்த வெயிலை என்னால் தாங்க முடியவில்லை. பெரியப்பா சிரித்துக்கொண்டே அதைக் கழற்றிவிட்டு, “நாளைக்குத் தம்பிய உயிர் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றார். விடுமுறையிலும் பள்ளிக்கூடமா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, சென்னைக்காரர்கள் மிருகக்காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சொல்கிறார்கள் என்பது. அருங்காட்சியகம் 1851இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில் என்பதால் அந்தக் ‘காலேஜ்’ ஒட்டிக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த இரண்டு பெயர்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது: இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், உயிருள்ள விலங்கு ஒன்றிரண்டை அங்கே வைத்தபோது கூட்டம் பெருகுவதைக் கண்டு, கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கி, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். ஓராண்டில் அங்கே 300க்கு மேற்பட்ட உயிர்கள் சேர்ந்துவிட்டன. இடம் போதாமல் 1860களில் அது சென்ட்ரலுக்கு அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டது. நான் பார்த்தது அங்கேதான், அதன் கடைசிக் காலத்தில்.

பெரியப்பாவின் கடைக்குக் காலைத் தேநீருக்கு வருபவர்களில் அங்கே விலங்குகளுக்குத் தீனி வைக்கும் ஆட்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களைக் காலையிலேயே கூட்டிப்போனார். வாசலைத் தாண்டியதும் முதலில் வந்தது வாடைதான்: ஈரச் சிமெண்டு, மூத்திரம், பழைய இறைச்சி எல்லாம் வெயிலில் சூடேறிய ஒரு கலவை. எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) மாட்டுப்பட்டி வாடைக்குப் பழகிய எனக்கே மூச்சு முட்டியது. அடுத்து, சத்தம். சென்ட்ரலுக்குள் நுழையும் ஒவ்வொரு ரயிலின் ஊதலும் கூண்டுகளுக்குள் வந்து மோதியது. பறவைக்கூண்டுகள் ஊதலுக்கு ஊதல் படபடத்தன. பெரிய விலங்குகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அங்கே பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றை மறந்துவிட்டேன். மறக்காதது சிறுத்தை.

அதன் கூண்டு எங்கள் லயத்துக் காம்பராவைவிட, அதாவது எங்கள் ஒற்றை அறையைவிட, சற்றுப் பெரியதாக இருக்கலாம், அவ்வளவுதான். முன்பக்கம் கம்பி, மூன்று பக்கம் சுவர், கீழே சிமெண்டுத் தரை. அது கம்பியோரமாக எட்டு அடி வைக்கும். மூலையில் தோளைக் கம்பியில் உரசியபடி திரும்பும். மறுபடி எட்டு அடி. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஒரு தடவைகூட எண்ணிக்கை மாறவில்லை. கூண்டின் மற்றக் கம்பிகள் எல்லாம் துருவேறிக் கருத்திருக்க, அது திரும்பும் மூலையிலிருந்த ஒரே ஒரு கம்பி மட்டும், தரையிலிருந்து என் இடுப்பு உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளிபோல் மின்னியது. வருடக்கணக்கில் தோள் உரசித் தேய்த்த பளபளப்பு அது. அதே உயரத்தில் சிறுத்தையின் தோளில் மயிர் இல்லை.

எங்கள் தோட்டத்தில் சிறுத்தை உண்டு. நாங்கள் புலி என்றுதான் சொல்வோம். லயத்து நாய் ஒன்று காணாமல் போனால், அல்லது ஆற்றோர ஈரமண்ணில் தடம் கிடந்தால், ‘வந்துட்டுப் போயிருக்கு’ என்று மரியாதையோடு பேசிக்கொள்வார்கள். நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. பிறந்ததிலிருந்து அந்த மலையிலேயே இருந்த அப்பா இரண்டே இரண்டு முறைதான் கண்டிருந்தார். என் வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டில் திரியும் ஒரு விலங்கை நான் முதன்முதலாகக் கடல் தாண்டி, ரயில் நிலையத்தின் ஓரத்தில், ஒரு கூண்டுக்குள் பார்த்தேன். அப்பா வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, “இது நம்ம மலைப் புலி மாதிரியேதான்டா இருக்கு. ஆனா இந்த நடை அதோட நடை இல்ல” என்றார். கூட வந்த ஆள் அதைக் கேட்டுவிட்டு, “இன்னும் கொஞ்ச நாள்தான் அண்ணே, எல்லாத்தையும் வண்டலூருக்கு ஏத்திடுவாங்க” என்றார். அவர் குரலில் நிம்மதியும் இருந்தது, வேலை என்னாகுமோ என்ற கவலையும் இருந்தது.

அந்தப் பீப்பிள்ஸ் பார்க் உண்டாக்கப்பட்டபோது 116 ஏக்கர் இருந்ததாம். பிறகு விக்டோரியா பொது மண்டபம், 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக வந்து அதைக் கடித்துத் தின்றன. நகரம் நாலாபுறமும் நெருக்கியதில் மிருகக்காட்சிசாலை விரிவதற்கு ஓரடி நிலமும் மிஞ்சவில்லை. 1976இல் அதை ஊருக்கு வெளியே கொண்டுபோவது என்று முடிவாகி, வண்டலூர்க் காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1985 ஜூலை 24 அன்று, எங்கள் கண்டிச்சீமையில் பிறந்தவர் என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எம்.ஜி.ஆர். அதைத் திறந்துவைத்தார். கம்பிக்குப் பதிலாக அகழியும், சிமெண்டுக்குப் பதிலாக மண்ணும் மரமுமாக அமைந்த இடம் அது. பிற்காலத்தில் நான் அங்கே போனபோது ஒரு சிறுத்தைகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் நிழல் தேடிப் படுத்திருந்தன. கொடுத்த காசு வீண் என்று பக்கத்தில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கோ அதைவிட நல்ல காட்சி வேறு இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். போங்கள். ஆனால் ‘நம் சின்ன வயது நினைவு அழியப்போகிறது’ என்று கண் கலங்குவதற்காக மட்டும் போகாதீர்கள். ஒரு மிருகக்காட்சிசாலை மூடப்படும் செய்தி வந்ததும் கூட்டம் அலைமோதுகிறது. பாங்கொக்கில் 1938 முதல் மக்களுக்குத் திறந்திருந்த டுசிட் மிருகக்காட்சிசாலை 2018 செப்டம்பர் 30இல் மூடப்படுமுன், குடும்பம் குடும்பமாக வந்து அங்கிருந்த கிழட்டு நீர்யானைக்கு விடை சொன்னார்கள். அதில் தவறில்லை. ஆனால் வாசல் கதவு சாத்தப்படும் நாளோடு நம் கதை முடிகிறதே தவிர, உள்ளே இருப்பவற்றின் கதை முடிவதில்லை; அவற்றுக்கு ஆபத்து கூடுதலாக உள்ள காலமே அப்போதுதான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் மிருகக்காட்சிசாலை 1836இல் திறக்கப்பட்டு 2022 செப்டம்பர் 3இல் மூடப்பட்டது. ஆனால் அதன் கொரில்லாக்கள், புது இடம் தயாராகும் வரை, பார்வையாளர் இல்லாத அந்தப் பழைய வளாகத்திலேயே நெடுநாள் இருந்தன. இஸ்லாமாபாத்தில் நடந்தது அதைவிடக் கொடியது. நீதிமன்ற உத்தரவால் 2020இல் மூடப்பட்ட அந்த மிருகக்காட்சிசாலையிலிருந்து இரண்டு சிங்கங்களை வேறிடத்துக்கு மாற்ற முயன்றபோது, கூண்டுக்குள் தீ மூட்டி அவற்றை வெளியேற்றப் பார்த்தார்கள், இரண்டும் செத்துப்போயின. அதே இடத்தில்தான் 1985இல் இலங்கை அன்பளிப்பாகக் கொடுத்த காவன் என்ற யானை இருந்தது. துணை யானையும் இறந்தபின் வருடக்கணக்கில் தனியாக நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்த அதனை, 2020 நவம்பரில் பெருமுயற்சி எடுத்து விமானத்தில் கம்போடியாவுக்கு அனுப்பினார்கள். நம் நாட்டிலிருந்து போன ஒரு யானை இப்படி மூன்றாவது நாடு பார்க்க நேர்ந்ததே என்று அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகையால், போகிறவர் அங்கே வேலை செய்பவர்களிடம் பேச வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு விலங்கும் எங்கே போகிறது, வயதானவை பயணத்தைத் தாங்குமா, ஜோடியைப் பிரிக்காமல் அனுப்புகிறார்களா, அவற்றைப் பழக்கியவர்களும் கூடப் போகிறார்களா என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு வெளியாட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே வேலை சற்றுக் கவனமாக நடக்கும். விடுமுறை நாளைத் தவிர்த்து, தீனி வைக்கும் காலை நேரத்தில் போவது நல்லது. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஓட வேண்டாம். ஒரே ஒரு கூண்டின் முன்னால் அரை மணி நேரம் நின்றால் போதும். முடிந்தால் கூண்டையும் படம் எடுங்கள், விலங்கை மட்டுமல்ல. ஒரு காலத்தில் படித்தவர்களும் நல்லவர்களும் இவ்வளவு இடம் போதும் என்று நம்பினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தக் கம்பியின் பளபளப்பை எந்தப் புத்தகத்திலும் நான் பிறகு காணவில்லை.

நான் பின்னர் ஆசிரியராகி, வருடந்தோறும் மலையகப் பிள்ளைகளைத் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கொழும்புச் சுற்றுலா என்றாலே அதுதான். சிறுத்தைக் கூண்டின் முன் நின்று, இது உங்கள் மலையில் இருக்கிறது என்று சொல்லும்போது நம்பாமல் என்னைப் பார்ப்பார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டத்தில், கம்பிச் சுருக்கில் கழுத்து மாட்டிய கருஞ்சிறுத்தை ஒன்றை உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அது இறந்துவிட்டது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்கு பன்றியென்றும் சிறுத்தையென்றும் பார்ப்பதில்லை. அந்த வாரம் முழுவதும் என் பழைய மாணவர்கள் பலர் தொலைபேசியில் அழைத்து அதைப் பற்றியே பேசினார்கள். கூண்டுக்கு முன்னால் நின்றது அவர்களுக்கும் மறக்கவில்லை.

அப்பா இந்தியாவுக்குப் போவதில்லை என்று முடிவு செய்து மலைக்கே திரும்பினார். அதே வருடம் கப்பலும் நின்றுவிட்டது. அண்ணனும் தம்பியும் அதன் பிறகு சந்திக்கவே இல்லை. 1985இன் பிற்பகுதியில் பெரியப்பாவிடமிருந்து நீல நிற விமானக் கடிதம் ஒன்று வந்தது. மே 30இல் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்ததை அதில் விரிவாக எழுதியிருந்தார். உயிர் காலேஜ் காலியாகிவிட்டதால் காலைத் தேநீருக்கு வரும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தார். எங்கள் மலையிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் எல்லோரும் முதல் கடிதத்தில் முதல் வரியாக எழுதும் வாசகம் ஒன்று உண்டு. கடிதத்தின் கடைசியில், எனக்கென்று தனியாக, பெரியப்பா அதையே எழுதியிருந்தார்: “தம்பிக்குச் சொல்லவும். அந்தப் புலி சுகமாகப் போய்ச் சேர்ந்ததாம்.”