மச்சாளும் நவம்பரும் 50,000 சொல்லும்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் நிலாவெளியில இருந்து தினமும் பஸ்ல திருகோணமலை கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) வேலைக்குப் போறனான், கணக்குப் பகுதி. பிள்ளைகள் ரெண்டு பேர், மூத்தவள் ஒன்பதாம் ஆண்டு, சின்னவன் மூண்டாம் ஆண்டு. அவர் கொழும்பில, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா இரவு மெயில்ல வருவார். மாமி எங்களோட இருக்கிறா, சுகர் வருத்தம். டொரொண்டோவில இருக்கிற என்ட மச்சாள் இந்த நவம்பர்ல ஒரு மாசத்துல நாவல் எழுதுற சேலஞ்ச் செய்வம் வா எண்டு நிக்கிறா. 30 நாள், 50,000 சொல்லு, ஒரு நாளைக்கு 1,667, குறைஞ்சா பிரயோசனம் இல்லையாம். எனக்கு 1942ல ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள் எங்கட அம்மம்மா குடும்பம் டவுனை விட்டுத் தம்பலகாமத்துக்கு ஓடின கதையை எழுதணும் எண்டு கனகால ஆசை. ஆனா கச்சேரியில வருஷக் கடைசி வேலை, மழை, பிள்ளைகளின்ட சோதினை. பெப்ரவரிக்குத் தள்ளவா? சரித்திரத்தை முதல் வடிவாப் படிக்கணுமா? இவர் "ஆர் வாசிக்கப் போறாங்க" எண்டு கேக்கிறார், மாமி லைட் பத்துது எண்டு முறைக்கிறா. எழுதினா புனைபெயர் வைக்கிறதா? - ஒரு வாசகி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, முதல்ல மச்சாளின்ட கணக்கைப் பாப்பம், ஏனெண்டா உங்கட பயம் முழுக்க அந்த 1,667ல தான் நிக்குது. இந்த விளையாட்டைத் தொடங்கினது கிறிஸ் பேட்டி எண்ட ஒரு அமெரிக்கன், 1999 ஜூலையில, சான் பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேரைச் சேர்த்துக்கொண்டு. அடுத்த வருஷம் தான் நவம்பருக்கு மாத்தினாங்க, அங்க நவம்பர்ல வெளிய தலைகாட்ட ஏலாத காலநிலை, வீட்டுக்குள்ள இருந்து எழுதட்டும் எண்டு. பிறகு அது நானோரைமோ எண்ட பேர்ல பெரிய அமைப்பா வளர்ந்து உலகம் முழுக்கப் போய் 2025ல அந்த அமைப்பையே மூடுறம் எண்டு அறிவிச்சும் போட்டாங்க. இப்ப அந்த 50,000க்கு ஒரு சொந்தக்காரனும் இல்ல, நீங்க 15,000 எழுதினா வந்து கேக்க ஒருத்தரும் இல்ல, மச்சாளைத் தவிர.

மத்தது, அந்த 50,000 இங்கிலீஷ்ல எழுதுறவன் வச்ச அளவு. தமிழ்ல வேற்றுமை உருபு, காலம், ஆர் செய்தது எல்லாம் ஒரே சொல்லோட ஒட்டிக்கொண்டு வரும், அதால அதே கதையை நாங்க அவனை விடக் குறைஞ்ச சொல்லுல சொல்லி முடிச்சிடுவம். போனில இருக்கிற வேர்ட் கவுண்டுக்கு இது ஒண்டும் விளங்காது. மச்சாள் இங்கிலீஷ்ல எழுதுறா எண்டா உங்கட ரெண்டு பேரின்ட எண்ணிக்கையையும் பக்கத்துல வச்சுப் பாக்கிறதே பிழை, இதை அவவுக்குச் சொல்லுங்கோ, சொல்லியும் கேக்காட்டி விடுங்கோ.

உங்கட நாளை நான் உங்கட கடிதத்துல இருந்தே கூட்டிப் பாத்தன். விடிய எழும்பி இடியப்பமோ புட்டோ அவிச்சு, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, மாமிக்கு மருந்து குடுத்து, பஸ் பிடிச்சு, பின்னேரம் திரும்பி வர அஞ்சரை ஆகும், அதுக்குப் பிறகு ரியூசன், சமையல், உடுப்பு. கை பழகின ஆளுக்கே 1,667 சொல்லு எழுத ரெண்டு மணித்தியாலம் கிட்டப் பிடிக்கும், அதை எங்க இருந்து எடுப்பீங்க, நித்திரையில இருந்து தான், ஒரு கிழமை இழுக்கும், பிறகு காய்ச்சல் வரும். 500 எண்டு வைங்கோ. ஒரு நாளைக்கு 500, மாசத்துக்கு 15,000. அது நாவல் இல்ல, குறுநாவல் அளவு தான், ஒளிக்காமச் சொல்றன். ஆனா ஓடினவங்கட கதையில முதல் பாதி கையில இருக்கும், இப்ப உங்களிட்ட இருக்கிறது ஆசை மட்டும் தானே.

பெப்ரவரிக்குத் தள்ளவா எண்டு கேட்டீங்க. தள்ளாதேங்கோ. பெப்ரவரியில ஆறுதல் கிடைக்கும் எண்டு நவம்பர்ல எல்லாருக்கும் தோணும், வந்து பாத்தா ஸ்கூல் தொடங்கியிருக்கும், ஆருக்காவது கலியாணம் வரும், சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலுக்குப் போக வாற சொந்தக்காரர் உங்கட வீட்டில தான் வந்து நிப்பாங்க. அதை விடப் பெரிய காரணம், பெப்ரவரியில மச்சாள் இல்ல. ஆறுதலான மாசத்துல தனிய இருந்து எழுதுறதை விட நெருக்கடியான மாசத்துல துணையோட எழுதுறது நடக்கும், இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. இந்தச் சேலஞ்ச் இத்தனை வருஷம் ஓடினதே அதால தான் எண்டு நினைக்கிறன், 50,000 எண்ட எண்ணில ஒரு மந்திரமும் இல்ல, பக்கத்துல இன்னொரு விசர் இருக்கு எண்ட தைரியம் தான்.

அரசாங்கக் கணக்கு டிசம்பர் 31ல மூடுறது, வவுச்சர் எல்லாம் அதுக்குள்ள போகணும், நவம்பர் கடைசியில இருந்து உங்கட பகுதிக்கு மூச்சு விட நேரம் இருக்காது, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அதால 500ஐ எல்லா நாளும் ஒரே மாதிரி வைக்காதேங்கோ. முதல் மூண்டு கிழமை நாளுக்கு 600, அது 12,600 ஆகும், கடைசி ஒன்பது நாளும் நாளுக்கு 270 போதும், கூட்டிப் பாருங்கோ, நீங்க கணக்குப் பகுதி ஆள் தானே. சில வருஷத்துல தீபாவளியும் கந்தசஷ்டியும் நவம்பருக்குள்ள வந்து விழும், விரதம் பிடிக்கிற ஆள் எண்டா அந்த நாளுகளை முதலே கலண்டர்ல குறைச்சு வைங்கோ. போயா (பௌர்ணமி) லீவு ஒண்டு வரும், அண்டைக்கு வீடு துடைக்க வெளிக்கிடாதேங்கோ.

எப்ப எழுதுறது எண்டு நீங்க கேக்கவே இல்ல, ஆனா அது தான் முக்கியம். டொரொண்டோவில நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவாங்க, அதுக்குப் பிறகு உங்களுக்கும் டொரொண்டோவுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். இஞ்ச விடிய நாலரை எண்டா அங்க முதல் நாள் பின்னேரம் ஆறு, மச்சாள் வேலையால வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம். அந்த நேரம் வட்ஸ்அப்ல கோல் எடுத்து, ரெண்டு பேரும் ஒரு சொல்லும் கதைக்காம இருபது நிமிஷம் எழுதுங்கோ, அஞ்சு நிமிஷம் விட்டுட்டு இன்னொரு இருபது. ஸ்பிரின்ட் எண்டு சொல்லுவாங்க இதை, சேலஞ்ச் செய்யிற ஆக்கள் எல்லாருக்கும் பழக்கமான வேலை. கதைக்கத் தொடங்கினீங்க எண்டா ஊர்ப் புதினத்துல நாப்பது நிமிஷமும் போயிடும், கவனம். விடிய நாலரைக்கு எழும்புறதெண்டா இரவு ஒன்பதரைக்குப் படுக்கணும், சீரியல் ஒண்டு போகும், போகட்டும்.

குறையிறதை வாயால எழுதுங்கோ. போன் கீபோட்டில மைக்கை அமத்தித் தமிழ்ல சொன்னா அதுவே எழுதும், தேங்காய் துருவேக்க, உடுப்பு மடிக்கேக்க சொல்லலாம். எங்கட பேச்சு அதுக்குச் சில நேரம் பிடிபடாது, குறியும் ஒழுங்கா வராது, வாசிச்சா சிரிப்பு வரும், ஆனா என்ன சொன்னீங்க எண்டு உங்களுக்கு விளங்கும் தானே. வாடைக்காத்து தொடங்கி மழை அடிச்சா கரண்ட் போகும், போனில சார்ஜ் இருக்காது, அதுக்கு ஒரு சீஆர் கொப்பியும் பேனையும் தலைமாட்டில இருக்கட்டும். உங்கட எழுத்துல ஒரு பக்கத்துக்கு எத்தனை சொல்லு வருது எண்டு ஒருக்கா எண்ணி வைங்கோ, பிறகு பக்கக் கணக்கு போதும். எழுதின பக்கத்தை அண்டண்டைக்கே போட்டோ எடுத்து மச்சாளுக்கு அனுப்பிவிடுங்கோ, கொப்பி நனைஞ்சாலும் கதை கனடாவில இருக்கும்.

இனிச் சரித்திரம். இதுல தான் நீங்க வழுக்கி விழுவீங்க எண்டு பயப்படுறன். முதல் வடிவாப் படிச்சுட்டு எழுதுறன் எண்டு தொடங்கின ஆக்கள் படிச்சுக்கொண்டே இருப்பாங்க, ஏனெண்டா படிக்கிறது சுகம், எழுதுறது கஷ்டம். உங்களுக்குத் தேவையானது இவ்வளவு தான்: 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் கடற்படைத் தளபதி நகுமோவின்ட விமானந்தாங்கிக் கப்பல்கள்ல இருந்து வந்த விமானங்கள் கொழும்பில குண்டு போட்டது. நாலு நாள் கழிச்சு 9ஆம் திகதி, வியாழக்கிழமை காலமை, திருகோணமலை. துறைமுகம், சீனக்குடா விமானத்தளம், எண்ணெய்த் தாங்கி எல்லாத்துக்கும் அடி. துறைமுகத்துல நிண்ட கப்பல்கள்ல கனக்க முதல் நாள் இரவே வெளிய அனுப்பிட்டாங்க, அப்பிடி வெளிய போன ஹேர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை அண்டைக்கே மட்டக்களப்புக் கடல்ல தாட்டுப்போட்டாங்க. இதுக்கு மேல நவம்பர்ல ஒரு வரியும் படிக்காதேங்கோ. உங்கட அம்மம்மாவுக்கு நகுமோ எண்ட பேரே தெரிஞ்சிருக்காது. அவவுக்குத் தெரிஞ்சது சத்தம், புகை, ஆரைக் கூட்டிக்கொண்டு போறது, ஆரை விட்டுட்டுப் போறது, அடுப்பில வச்ச சோறு என்ன ஆச்சுது, மாட்டை அவிட்டு விட்டதா இல்லையா, தம்பலகாமத்துல ஆர் வீட்டுத் திண்ணையில படுத்தாங்க, அந்த வீட்டுக்காரி எத்தனை நாள் முகம் கோணாமச் சோறு போட்டா. கதை அங்க தான் கிடக்கு. எழுதேக்க ஒரு விவரம் தெரியாட்டி, சைரன் ஊதினதா, அரிசி என்ன விலை, அந்த இடத்துல ரெண்டு கேள்விக்குறி போட்டுட்டு அடுத்த வரிக்குப் போங்கோ, தேடப் போகாதேங்கோ. ஜனவரியில கேள்விக்குறியை மட்டும் தேடி எடுத்து நிரப்பலாம்.

எழுதினதைத் திரும்பி வாசிச்சுத் திருத்துறதும் நவம்பர்ல வேண்டாம். புட்டுக்கு மா குழைக்கேக்க கை எல்லாம் ஒட்டிக்கொண்டு பாக்க வடிவில்லாமத் தான் இருக்கும், அந்த நேரம் ஆரும் போட்டோ எடுக்கிறதில்ல. பாத்திரத்தின்ட பேர் நடுவில மாறினா மாறட்டும், சித்தப்பா ஒரு அத்தியாயத்துல செத்து அடுத்ததுல வந்து வெத்திலை கேட்டாலும் கேக்கட்டும். எழுத்துத் தமிழ்ல எழுதுறதா பேச்சுல எழுதுறதா எண்ட யோசனையும் இப்ப வேண்டாம், கையில எது வருதோ அது.

ரெண்டாவது கிழமை எழுத்து கசக்கும், இந்தச் சேலஞ்சை விடுற ஆக்கள் கனபேர் அங்க தான் விடுறது. முதல் கிழமை ஆசையில ஓடும், பிறகு இது என்ன கருமம், ஆருக்கு வேணும் எண்டு வரும். ஓடுற காட்சி எழுத அலுப்பா இருந்தா அதை விட்டுட்டு உங்களுக்குப் பிடிச்ச வேற காட்சிக்குத் தாவுங்கோ, சீனக்குடாவில வேலை செய்த ஒரு பெடியன் அம்மம்மாவைப் பாத்துச் சிரிச்சான் எண்டு வேணுமெண்டா எழுதுங்கோ, அம்மம்மா இப்ப வந்து கோவிக்கப் போறதில்ல. ஒரு நாள் தவறினா அடுத்த நாள் 1,200 எழுதி ஈடு கட்ட வெளிக்கிடாதேங்கோ, விட்டதை விட்டுட்டு அண்டையான் 600ஐ எழுதுங்கோ, மாசக் கடைசியில 13,000 வந்தாலும் காணும். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா எழுத்துக்கு லீவு, அதுல குற்ற உணர்ச்சி வேண்டாம். "இண்டைக்கு மனம் சரியில்ல" எண்டா லீவு இல்ல.

மாமியைப் பற்றி. நீங்க என்ன செய்யப் போறீங்க எண்டு சொல்லாதபடியால தான் அவ முறைக்கிறா, இரவிரவா இவள் போனில ஆரோட கதைக்கிறாள் எண்டு ஒரு மாமிக்கு வராதா? நேரா இருத்திச் சொல்லுங்கோ, மாமி, இப்பிடி ஒரு கதை எழுதுறன், ஒரு மாசம் தான், விடிய நாலரையில இருந்து ஒரு மணித்தியாலம். சொல்லிட்டு, உங்கட அம்மா அந்தக் குண்டு போட்ட காலத்தைப் பற்றி என்ன சொன்னவ எண்டு கேளுங்கோ. ஒண்டில் "எனக்கென்ன தெரியும்" எண்டுவா, இல்லாட்டி நிப்பாட்ட ஏலாமக் கதைப்பா, ரெண்டாவது நடந்தா போன் ரெக்கோடரைத் தட்டிவிடுங்கோ. மூத்தவளுக்கும் ஒரு வேலை குடுங்கோ, ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்குக் காலமைச் சம்பல் இடிக்கத் தெரியாதெண்டா அது எழுத்தோட சம்பந்தமில்லாத வேற பிரச்சினை.

உங்கட மனுஷர் ஆர் வாசிக்கப் போறாங்க எண்டு கேக்கிறது நக்கலா, இல்ல உண்மையாத் தெரியாமக் கேக்கிறாரா எண்டு எனக்குக் கடிதத்துல இருந்து விளங்கேல்ல. நக்கல் எண்டா விடுங்கோ. தெரியாமக் கேட்டா, முதல் மச்சாள், பிறகு உங்கட மகள், அதுக்குப் பிறகு பாப்பம் எண்டு சொல்லுங்கோ. அவர் வாற சனி ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளை உப்புவெளிக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ, மழை எண்டா சின்னம்மா வீட்டுக்கோ அவரின்ட கூட்டாளி வீட்டுக்கோ, எங்கயோ, ரெண்டு மணித்தியாலம் வீடு உங்களுக்கு வேணும். அதைச் செய்தார் எண்டா அவர் கதையை வாசிக்காட்டியும் பரவாயில்ல.

புனைபெயரை டிசம்பர்ல யோசிப்பம்.