டோஸ்டர் பேஸ்ட்ரியை வீட்டிலேயே குறைந்த செலவில் செய்ய முடியுமா?

நிச்சயமாக முடியும். டோஸ்டர் பேஸ்ட்ரி என்பது இரண்டு மெல்லிய மாவுத் துண்டுகளுக்கு நடுவே ஜாம் வைத்துச் சுட்ட தட்டையான பண்டம். 1964-இல் அமெரிக்காவில் கெல்லாக்ஸ் நிறுவனம் பாப்-டார்ட்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய இப்பண்டம், மாவு, வெண்ணெய், ஜாம், சர்க்கரை ஆகிய நான்கிலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

செலவு கூடுவது வெண்ணெயில்தான். ஆயினும் அதைக் குறைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 250 கிராம் மைதாவில் சிறிது உப்பும் 150 கிராம் குளிர்ந்த வெண்ணெயும் சேர்த்து, வெண்ணெய் பட்டாணி அளவுத் துணுக்குகளாகத் தெரியும்வரை விரல் நுனியால் உதிர்த்து, நான்கைந்து மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர் தெளித்துத் திரட்டி, அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அந்தத் துணுக்குகள் ஓவனில் உருகும்போது எழும் நீராவியே அடுக்குகளைப் பிரிக்கிறது. ஆகவே மாவை அழுத்திப் பிசையக் கூடாது.

3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, சீட்டுக்கட்டு அட்டையைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாக வெட்டினால், இரண்டு துண்டுக்கு ஒன்றாக ஏறத்தாழ எட்டு பேஸ்ட்ரி கிடைக்கும். கனிந்துபோன பழங்களைச் சர்க்கரையுடன் கெட்டியாகக் காய்ச்சினால் ஜாம் வாங்கும் செலவும் மிச்சம். பூரணம் கசியாதிருக்க அதில் சிறிது சோளமாவு (கார்ன்ஃப்ளவர்) கலந்து, ஒரு துண்டில் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வைக்காமல், இன்னொரு துண்டால் மூடி, ஓரங்களை முள்கரண்டியால் அழுத்தி, நீராவி வெளியேற மேலே சில துளைகளும் இடுங்கள்.

ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம் சுட்டு, முற்றிலும் ஆறிய பின்னரே, பொடித்த சர்க்கரையில் இரண்டு தேக்கரண்டி பால் குழைத்துப் பூசுங்கள். பூச்சிட்டவற்றை டோஸ்டரில் சூடாக்க வேண்டாம். சர்க்கரை உருகிக் கம்பியில் ஒட்டிக் கருகும்.